தென்னையில் அடித்த ஆணி மேலே ஏறுமா?

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தென்னை மரம். துணி காயப்போடக் கொடி கட்டுவதற்காக அப்பா அதில் ஓர் ஆணி அடித்தார். நான் அப்போது நாலாம் வகுப்பு. மரம் ஓட்டுக்கூரை உயரம்தான் இருந்தது. "மரம் வளர வளர ஆணியும் மேலே போயிடுமேப்பா, அப்புறம் அம்மா எப்படித் துணி போடுவாங்க?" என்று கேட்டேன். அப்பா சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை.

இப்போது அந்த மரம் பக்கத்து மாடி வீட்டைத் தாண்டி நிற்கிறது. ஆணி அடித்த இடத்திலேயே இருக்கிறது. அம்மா மட்டும் இப்போதெல்லாம் கொஞ்சம் எட்டித்தான் துணி போடுகிறார். அது மரத்தின் குற்றமில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

மனித உடல் வளர்வதைப் பற்றிப் பேசும்போது பெரியவர்களான நாமும் அந்த நாலாம் வகுப்புக் கேள்வியைத்தான் மனதில் வைத்திருக்கிறோம். உடம்பு முழுவதும் ரப்பர் மாதிரி இழுபட்டு நீள்வதாக ஓர் எண்ணம். கம்பியில் தொங்கினால் உயரமாகலாம், ஜிம்முக்குப் போனால் குள்ளமாகிவிடும், பெண் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டால் வளர்த்தி அதோடு சரி, ஆண் பிள்ளை இருபத்தைந்து வரை வளர்வான். எல்லாக் குடும்பக் கூட்டத்திலும் கேட்கக்கூடிய பேச்சு இது. எலும்பு எங்கே வளர்கிறது என்ற ஒரே விஷயம் தெரிந்தால் இவற்றில் எது சரி, எது தப்பு என்று நாமே சொல்லிவிடலாம். இந்தக் கட்டுரை உயரத்தைப் பற்றி மட்டும். எடை, மூளை, தசை எல்லாம் வேறு கதைகள்.

## கோழிக்குஞ்சின் காலில் இரண்டு துளை

தென்னை உச்சியில்தான் வளர்கிறது. அங்கே இருக்கும் குருத்து புதிது புதிதாக மட்டையும் தண்டும் உண்டாக்குகிறது. கீழே இருக்கும் தண்டு முடிந்துபோன வேலை. அதனால் அதில் அடித்த ஆணி ஏறுவதில்லை.

எலும்பும் இப்படித்தானா? ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இதைச் செய்து பார்த்தார். செடிகொடிகளில் நீர் எப்படி ஏறுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர் அவர். 1727-ல் வெளிவந்த தன் நூலில் ஒரு சின்னச் சோதனையை எழுதி வைத்திருக்கிறார். வளர்ந்துகொண்டிருந்த கோழிக்குஞ்சு ஒன்றின் கால் எலும்பில், அரை அங்குல இடைவெளி விட்டு, கூர்முனையால் இரண்டு சிறு துளைகள் போட்டார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எலும்பு ஓர் அங்குலம் நீண்டிருந்தது. துளைகளுக்கு நடுவே இருந்த தூரம் அதே அரை அங்குலம். அதாவது எலும்பின் நடுப்பகுதி துளிகூட இழுபடவில்லை. நீளம் முழுவதும் முனைகளில் சேர்ந்திருக்கிறது. அதே நூற்றாண்டில் ஜான் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் பன்றிக்குட்டியின் எலும்பில் ஈயக் குண்டுகளைப் பதித்துப் பார்த்தார். அவருக்கும் இதே விடைதான் கிடைத்தது.

## குருத்தெலும்பு என்று பெயர் வைத்தவர் யாரோ

முனையில் என்ன இருக்கிறது? உங்கள் காது மடலை மடக்கிப் பாருங்கள். வளையும், விட்டால் நிமிரும். எலும்பைவிட மென்மையாக, சதையைவிட உறுதியாக இருக்கும் இந்தப் பொருளுக்குத் தமிழில் குருத்தெலும்பு என்று பெயர். யார் வைத்தார்களோ, பொருத்தமாக வைத்திருக்கிறார்கள். தென்னைக்குக் குருத்து எப்படியோ, எலும்புக்கு இது அப்படி.

தொடையிலும் கீழ்க்காலிலும் கையிலும் இருக்கும் நீள எலும்புகளின் முனைகளுக்குச் சற்று உள்ளே, சில மில்லிமீட்டர் தடிமனில், ஒரு குருத்தெலும்பு அடுக்கு குறுக்கே ஓடுகிறது. இதுதான் வளர்ச்சித் தட்டு. நம் உயரத்தின் பட்டறை இந்த மெல்லிய தட்டு. கால் நீளத்தில் பெரும்பங்கு முட்டிக்கு மேலும் கீழும் இருக்கும் இரண்டு தட்டுகளின் உழைப்பு. முதுகெலும்புக் கண்ணிகளிலும் இதே மாதிரி தட்டுகள் உண்டு.

பட்டறையில் நடப்பதைப் புரிந்துகொள்ள, வீடு கட்டும் இடத்தில் தளம் போடுவதை நினைத்துக்கொள்ளலாம். முதலில் சென்ட்ரிங் அடிக்கிறார்கள். பலகையும் முட்டுக்கம்பும் வைத்து வடிவம் பிடிக்கிறார்கள். அதன்மேல் கம்பி கட்டிக் காங்கிரீட் கொட்டுகிறார்கள். இறுகியதும் பலகையைப் பிரித்துவிடுகிறார்கள். வீட்டில் மிஞ்சுவது காங்கிரீட்தான், ஆனால் பலகை இல்லாமல் அது நின்றிருக்காது.

வளர்ச்சித் தட்டில் குருத்தெலும்பின் உயிரணுக்கள் (செல்கள்) சில்லறைக் காசுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மாதிரி வரிசை வரிசையாக நிற்கின்றன. வரிசையின் ஒரு நுனியில் இருக்கும் அணுக்கள் பிரிந்து பிரிந்து பெருகுகின்றன. நடுவில் இருப்பவை பல மடங்கு ஊதுகின்றன. இந்த ஊதல்தான் எலும்பின் முனையை வெளிப்பக்கம் தள்ளுகிறது. மறு நுனியில், ஊதி முடித்த அணுக்களைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து படிகிறது. இரத்தக் குழாய்கள் உள்ளே நுழைகின்றன, கூடவே எலும்பைக் கட்டும் அணுக்கள் வருகின்றன. பழைய சென்ட்ரிங்கைக் கரைத்துவிட்டு அந்த இடத்தில் நிஜ எலும்பை நிரப்புகின்றன. தட்டு தடிப்பதே இல்லை. ஒரு பக்கம் முளைத்துக்கொண்டும் மறுபக்கம் எலும்பாகிக்கொண்டும் இருக்கிறது. சுவர் எழுப்பும் கொத்தனார் தான் கட்டிய சுவரின் மேலேயே ஏறி நின்று அடுத்த வரி வைப்பது போல, தட்டு தான் கட்டிய எலும்பின்மேல் நின்றபடி நகர்ந்து போகிறது.

காங்கிரீட்டில் சிமென்ட் குறைந்தால் என்ன ஆகும்? வைட்டமின் டி போதாத பிள்ளைகளுக்கு உடல் சுண்ணாம்புச் சத்தைச் சரியாக உறிஞ்சாது. தட்டில் பலகை மட்டும் நீண்டுகொண்டே போகும், இறுகாது. உடம்பின் பாரம் தாங்காமல் கால் வில்லாக வளையும். ரிக்கெட்ஸ் என்று சொல்லும் நோய் இதுதான்.

பிள்ளை கீழே விழுந்து எக்ஸ்ரே எடுத்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். எலும்பு முனையில் குறுக்காக ஒரு கறுப்புக் கோடு தெரியும். "ஐயோ, உடைஞ்சுபோச்சா டாக்டர்?" என்று பதறுவோம். பெரும்பாலும் அது வளர்ச்சித் தட்டு. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் பதியாததால் அந்த இடம் வெற்றிடமாகத் தெரிகிறது. அதே சமயம் முறிவு அந்தத் தட்டின் வழியாகவே போயிருந்தால் அலட்சியம் கூடாது. குருத்தை வண்டு குடைந்த தென்னை என்ன ஆகும் என்று தெரியும்தானே.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது இவ்வளவுதான்: எலும்பு நடுவில் நீள்வதில்லை. முனைக்கு அருகே உள்ள குருத்தெலும்புத் தட்டில் புதிய குருத்தெலும்பு முளைத்து, அது எலும்பாக மாற மாற நீளம் கூடுகிறது. தட்டு இருக்கும்வரைதான் உயரம் கூடும்.

## யார் சொல்லி வளர்கிறது?

தட்டு தானாக வேலை செய்வதில்லை. அதற்கு உத்தரவு வர வேண்டும். ஓர் உறுப்பு சுரந்து இரத்தத்தில் விட, தூரத்தில் இருக்கும் வேறோர் உறுப்பு அதைக் கேட்டு நடக்கும் வேதிச் செய்திக்கு ஹார்மோன் என்று பெயர். வளர்ச்சி ஹார்மோனை மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பி சுரக்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில் அது அதிகம் சுரக்கும். "தூங்குற பிள்ளை வளரும்" என்று பாட்டிகள் சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. தைராய்டு ஹார்மோனும் சேர்ந்தால்தான் வேலை ஒழுங்காக நடக்கும்.

உத்தரவு நிற்காமல் வந்துகொண்டே இருந்தால்? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1918-ல் பிறந்த ராபர்ட் வாட்லோவுக்கு அதுதான் நடந்தது. அவருடைய பிட்யூட்டரி அளவுக்கு மீறிச் சுரந்தது. 1940-ல், 22 வயதில், அவர் இறந்தபோது உயரம் 272 செ.மீ. அப்போதும் வளர்ந்துகொண்டுதான் இருந்தார். பதிவான மனிதர்களில் அவரை மிஞ்சிய உயரம் இன்றுவரை இல்லை.

வளரச் சொல்வது சரி, நிறுத்தச் சொல்வது யார்? விடை பலருக்கு வியப்பாக இருக்கும். ஆணோ பெண்ணோ, தட்டை மூடுவது ஈஸ்ட்ரோஜன். பெண் ஹார்மோன் என்று நாம் முத்திரை குத்தி வைத்திருக்கும் அதே ஈஸ்ட்ரோஜன்தான். ஆண்களின் உடல் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. இதை உறுதியாகக் காட்டியது 1994-ல் ஒரு மருத்துவ இதழில் வெளியான ஒரே ஒரு ஆணின் கதை. அவருக்கு வயது 28, உயரம் 204 செ.மீ., இன்னமும் வளர்ந்துகொண்டிருந்தார். டெஸ்டோஸ்டிரோனில் ஒரு குறையும் இல்லை. மரபணுக் கோளாறு ஒன்றால் அவருடைய உடம்புக்கு ஈஸ்ட்ரோஜன் சொல்வது காதில் விழவில்லை, அவ்வளவுதான். அவருடைய எலும்புகள் 15 வயதுப் பையனுடையவை போல, தட்டு மூடாமல் இருந்தன.

பருவமடையும்போது இந்த ஹார்மோன்கள் முதலில் வளர்ச்சியை முடுக்கிவிடுகின்றன, பிறகு அவையே தட்டை மூடுகின்றன. கல்யாணப் பந்தியில் கடைசி ரவுண்டு பாயசத்தைத் தாராளமாக ஊற்றிவிட்டுப் பாத்திரத்தைக் கவிழ்க்கிற மாதிரி. சீக்கிரம் பருவமடைந்த பிள்ளை ஆறாம் வகுப்பில் எல்லோரையும்விட நெட்டையாக நிற்பதும், பத்தாம் வகுப்பில் அதே உயரத்தில் இருப்பதும் இதனால்தான்.

## வேகம் ஒரே மாதிரி இருக்காது

பிரான்சில் மோன்பேயார் என்ற பிரபு 1759-ல் பிறந்த தன் மகனைச் சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று 1777 வரை, பதினெட்டு வருஷம், விடாமல் அளந்து எழுதினார். ஒரே பிள்ளையைப் பிறப்பிலிருந்து பெரியவனாகும்வரை தொடர்ந்து அளந்ததில் இதுவே மிகப் பழைய பதிவு. குழந்தை மருத்துவப் புத்தகங்களில் அந்த வரைபடம் இன்றும் வருகிறது. அதில் தெரியும் வடிவம்தான் இன்றைய பிள்ளைகளின் வடிவமும்.

பிறக்கும்போது சுமார் 50 செ.மீ. முதல் வருஷத்தில் மட்டும் ஏறத்தாழ 25 செ.மீ. கூடும். இந்த வேகத்திலேயே போனால் பதினெட்டு வயதில் ஐந்து மீட்டர் இருப்போம், வாசல் நிலையெல்லாம் இடிக்க வேண்டியதுதான். நல்லவேளையாக வேகம் குறைகிறது. இரண்டாம் வருஷம் 12 செ.மீ. அளவு. நாலு வயதுக்கு மேல் வருஷத்துக்கு ஐந்தாறு செ.மீ. என்று நிதானமாக ஓடும். பருவமடையும் சமயத்தில் மறுபடி ஒரு பாய்ச்சல். அதன் உச்சத்தில் பெண் பிள்ளைகள் வருஷத்துக்கு 8 செ.மீ., ஆண் பிள்ளைகள் 9 அல்லது 10 செ.மீ. வளர்வார்கள்.

வேகம் மட்டுமல்ல, எந்த உறுப்பு முதலில் என்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலை. பெரியவர்களுக்குத் தலை ஏழரையில் ஒரு பங்குதான். தலை முந்திக்கொண்டு வளர்ந்துவிடுகிறது, கையும் காலும் பிறகு பிடிக்கின்றன. பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்தில் நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஒரு சோதனை வைத்தார்கள். "வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு பார்ப்போம்." மூன்று வயதுப் பிள்ளைக்கு எட்டாது. தலை பெரிது, கை குட்டை. ஆறு வயதை ஒட்டி எட்டிவிடும். அளவு நாடா இல்லாமல், எக்ஸ்ரே இல்லாமல், தலைக்கும் கைக்கும் உள்ள விகிதத்தை வைத்து வயதைக் கணித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஆள் ஆறேழு மாதம் முன்பின் ஆகும் என்பது உண்மைதான். ஆனாலும் எனக்கு அந்த வாத்தியார்கள்மேல் பெரிய மரியாதை.

பருவப் பாய்ச்சலில் வரிசை வேறு மாதிரி. முதலில் பாதம் நீளும், பிறகு கால், கடைசியில் உடல். அதனால்தான் ஜூன் மாதம் வாங்கின பள்ளிக்கூட ஷூ தீபாவளிக்குள் கடிக்க ஆரம்பிக்கிறது. ஷூ அளவு மளமளவென்று ஏறினால் அடுத்து பேன்ட்டின் மடிப்பைப் பிரித்து விட வேண்டிவரும் என்று அர்த்தம். தையல்காரர் உள்ளே நாலு விரல் துணி விட்டுத் தைப்பதற்கு இதைவிடப் பெரிய விஞ்ஞானக் காரணம் வேண்டியதில்லை.

பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பாய்ச்சலின் உச்சம் 12 வயதை ஒட்டி, ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டி. ஏழாம் வகுப்பு குரூப் போட்டோவில் பின் வரிசை முழுக்கப் பெண்கள் நிற்பது இதனால்தான். பையன்களுக்கு இரண்டு வருஷம் தாமதம் என்றால், அந்த இரண்டு வருஷமும் நிதான வேகத்திலாவது வளர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று பொருள். அப்புறம் வரும் பாய்ச்சலும் சற்றுப் பெரியது. வளர்ந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் சராசரியாகச் சுமார் 13 செ.மீ. வித்தியாசம் வருவது இந்தக் கணக்கில்தான்.

வயதுக்கு வந்தால் வளர்ச்சி நின்றுவிடுமா? நிற்காது. முதல் மாதவிடாய் வருவது பாய்ச்சலின் உச்சம் தாண்டிய பிறகு. அதற்கப்புறமும் சராசரியாக ஐந்து முதல் ஏழு செ.மீ. வரை கூடும், அதற்கு இரண்டு வருஷமாவது ஆகும். "இனிமே என்ன வளரப் போறா" என்று அந்த வயதுப் பெண்ணின் தட்டில் முட்டையைக் குறைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

## கையை எக்ஸ்ரே எடுத்தால் வயது தெரியுமா?

தட்டுகள் எல்லா எலும்பிலும் ஒரே நாளில் மூடுவதில்லை. எது எப்போது என்று ஒரு வரிசை உண்டு. இடது கையை மணிக்கட்டோடு எக்ஸ்ரே எடுத்து, எந்தெந்த எலும்பு தோன்றிவிட்டது, எந்தத் தட்டு மூடியிருக்கிறது என்று பார்த்துக் கணிப்பதற்கு எலும்பு வயது என்று பெயர். பதிமூன்று வயதுப் பையனுக்கு எலும்பு வயது பதினொன்று என்றால், அவன் குள்ளமாகத் தெரிந்தாலும் இன்னும் வளர நிறைய நாள் மிச்சம் இருக்கிறது.

இதையே பிறந்த தேதிக்கு மாற்றாக நினைப்பது தப்பு. ஒரே நாளில் பிறந்த இரண்டு பிள்ளைகளின் எலும்பு வயது இரண்டு வருஷம் வேறுபடலாம். நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவும் முதலில் பள்ளிச் சான்றிதழைப் பார், அது இல்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்றிதழைப் பார், இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புச் சோதனை என்று வரிசைப்படுத்தியிருக்கிறது. கால்பந்தில் 17 வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கிறார்கள். அங்கே பிறந்த தேதியைக் கண்டுபிடிப்பது நோக்கமில்லை. தட்டு முழுக்க மூடியிருந்தால் அந்த ஆள் 17-ஐத் தாண்டியவராக இருக்கவே வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான்.

பெண்களுக்குப் பெரும்பாலும் 15, 16 வயதிலும் ஆண்களுக்கு 17, 18 வயதிலும் கால் எலும்புத் தட்டுகள் வேலையை முடித்துவிடும். கழுத்துக்குக் கீழே தோளையும் நெஞ்சையும் இணைக்கும் காறை எலும்பின் உள் முனை மட்டும் இருபதுகளின் நடுவில், சிலருக்கு அதற்கும் பிறகு, மூடும். "இருபத்தைந்து வரை வளரலாம்" என்ற பேச்சு அதிலிருந்து வந்ததோ என்னவோ. காறை எலும்பு நீண்டு யாரும் உயரமானதில்லை.

## விதையா, வயலா?

உயரம் எண்பது சதவீதம் பரம்பரை என்று படித்திருப்பீர்கள். இதை என் உயரத்தில் எண்பது சதவீதம் அப்பா அம்மா கொடுத்தது, மிச்சம் இருபது சாப்பாடு கொடுத்தது என்று புரிந்துகொள்வதுதான் இந்தப் பேச்சிலேயே பெரிய குழப்பம். ஒரே வயலில் பல ரக நெல்லைக் கலந்து விதைத்து, எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தண்ணீரும் உரமும் விட்டால், பயிருக்குப் பயிர் வரும் உயர வித்தியாசம் பெரும்பாலும் விதையால்தான். அந்த எண்பது இந்த வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு. அதே வயலில் தண்ணீர் வற்றினால் எல்லா ரகமும் சேர்ந்து குட்டையாகும். விதை மாறவில்லை.

விதைப் பக்கம் எவ்வளவு சிக்கல் என்பதற்கு ஓர் எண்: 2022-ல் வெளியான ஓர் ஆய்வு, 54 லட்சம் பேரின் மரபணுத் தகவலை அலசி, உயரத்தோடு தொடர்புள்ள 12,111 இடங்களைக் கண்டது. உயரத்துக்கு என்று ஒரு தனி மரபணு இல்லை. ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை உப்பு.

வயல் பக்கத்துக்கு இன்னோர் எண்: 1896-ல் பிறந்த தென்கொரியப் பெண்களைவிட 1996-ல் பிறந்தவர்கள் சராசரியாக 20 செ.மீ. உயரம். நூறு வருஷத்தில் ஒரு நாட்டின் மரபணு அப்படி மாறாது. மாறியது சோறு, குடிநீர், நோய்த் தடுப்பு, தாயின் உடல்நிலை.

வயல் காய்ந்தால் அடி முதலில் விழுவது, வளர்ச்சி மிக வேகமாக ஓடும் காலத்தில். கருவில் உருவான நாளிலிருந்து இரண்டு வயது வரை, ஏறத்தாழ ஆயிரம் நாள். அப்போது அடிக்கடி வயிற்றுப்போக்கும் போதாத சத்தும் சேர்ந்தால் தட்டு வேலையைக் குறைத்துக்கொள்கிறது. உயிரைக் காப்பாற்றுவதா, உயரத்தைக் கூட்டுவதா என்றால் உடம்பு உயிரைத்தான் பார்க்கும். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் தமிழ்நாட்டில் 25 சதவீதம், இந்தியா முழுவதும் 35.5 சதவீதம். தமிழ்நாட்டிலேயே நாலில் ஒரு பிள்ளை. அவர்களையெல்லாம் "குட்டையான பரம்பரை" என்று சொல்லிவிட முடியாது.

பரம்பரை என்ன தரும் என்று தோராயமாகப் பார்க்க மருத்துவர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள். அப்பா உயரத்தையும் அம்மா உயரத்தையும் செ.மீ.யில் கூட்டி, பையன் என்றால் 13 சேர்த்து, பெண் என்றால் 13 கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். அப்பா 168, அம்மா 155 என்றால் மகனுக்கு 168, மகளுக்கு 155. இதற்கு எட்டு ஒன்பது செ.மீ. மேலேயும் கீழேயும் போகலாம் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். வீட்டில் கணக்குப் போடுபவர்கள் அந்த இரண்டாம் பகுதியை மறந்துவிடுகிறார்கள்.

## தொங்கினால், குடித்தால், தூக்கினால்

நானும் தொங்கியிருக்கிறேன். பதினாறு வயதில், கொய்யா மரத்தில், தினமும் காலையில். ஒரு வாரத்தில் ஒரு செ.மீ. கூடிவிட்டதாக அளந்தும் பார்த்தேன். சந்தோஷத்தில் கவனிக்காதது, முதலில் அளந்தது சாயங்காலம், பிறகு அளந்தது காலை. முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே பஞ்சு போன்ற வட்டுகள் இருக்கின்றன. பகலெல்லாம் நாம் நிற்கவும் நடக்கவும் அவை நீர் பிழியப்பட்டு நசுங்குகின்றன. இரவு படுத்ததும் மறுபடி ஊறுகின்றன. காலைக்கும் மாலைக்கும் ஒன்று, சிலருக்கு இரண்டு செ.மீ. வரை வித்தியாசம் வரும். பாரமே இல்லாத விண்வெளியில் வீரர்கள் மூன்று சதவீதம் வரை நீள்கிறார்கள். பூமிக்கு வந்ததும் பழையபடி ஆகிவிடுகிறார்கள். தொங்குவதும் இந்த வகைதான். தட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உயரமாக்கும் என்று விற்கும் பவுடர்? சாப்பாடு போதாத பிள்ளைக்கு எந்தச் சத்தும் உதவும், நிலக்கடலையும் முட்டையும்கூட. நன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்கு அது மேலே ஊற்றிய சர்க்கரை. தட்டு மூடியவருக்குப் பவுடரும் மாத்திரையும் ஒன்றும் செய்யாது. ஜிம்? சரியான ஆள் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தால் எடை தூக்குவது வளர்ச்சியைத் தடுப்பதில்லை. தாறுமாறாகத் தூக்கி எலும்பு முறிந்து தட்டில் அடிபட்டால்தான் ஆபத்து.

தட்டு மூடிய பிறகு கால் எலும்பை நீட்ட ஒரே வழி, அதை வெட்டி மெல்ல விலக்குவது. சைபீரியாவின் குர்கன் நகரில் கவ்ரீல் இலிசாரோவ் என்ற மருத்துவர் இதை முறைப்படுத்தினார். வெட்டிய எலும்பை வெளியே வளையங்களால் பிடித்து, நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் விலக்கினால் இடைவெளியில் புது எலும்பு ஊறும். விபத்திலும் பிறவிக் குறையிலும் கால் குட்டையானவர்களுக்கு இது பெரிய வரம். அழகுக்காகச் செய்துகொள்வதற்கு, வலியையும் மாதக்கணக்கான படுக்கையையும் தொற்று ஆபத்தையும் பார்த்தால், என் ஓட்டு கிடையாது.

## நின்ற பிறகு

நீளம் நின்றுவிட்டாலும் எலும்பு சும்மா இருப்பதில்லை. இருபதுகளின் கடைசி வரை உள்ளே அடர்த்தி கூடிக்கொண்டே போகும். பழைய எலும்பை அரிக்கும் அணுக்களும் புதிதைக் கட்டும் அணுக்களும் வாழ்நாள் முழுக்க எதிரெதிரே வேலை செய்கின்றன. சுமார் பத்து வருஷத்தில் எலும்புக்கூடு ஏறக்குறைய முழுவதும் புதிதாகிவிடும். இளமையில் கட்டுவது ஜெயிக்கும், நடுவயதில் சமம், பிறகு அரிப்பது ஜெயிக்கும்.

பெண்களுக்கு மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் சரிகிறது. தட்டை மூடிய அதே ஈஸ்ட்ரோஜன்தான் அரிக்கும் அணுக்களை அடக்கியும் வைத்திருந்தது. அது போனதும் முதல் சில வருஷங்களில் எலும்பு வேகமாகக் கரையும். உள்ளே சல்லடையாகி எளிதில் முறியும் இந்த நிலைக்கு எலும்புப்புரை என்று பெயர். கூடவே முதுகு வட்டுகள் வற்றித் தட்டையாகின்றன. நாற்பதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு ஒரு செ.மீ. போலக் குறைவது ஆணுக்கும் பெண்ணுக்கும் இயல்பு, எழுபதுக்கு மேல் இன்னும் வேகம். இளமை உயரத்திலிருந்து நாலு செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் முதுகெலும்புக் கண்ணி ஒன்று சத்தமில்லாமல் நசுங்கியிருக்கலாம். வலி இல்லாமலும் அது நடக்கும். அப்போது மருத்துவரிடம் காட்டுவது நல்லது. காது மட்டும் வயதானாலும் விடாமல் நீள்கிறது. 1995-ல் பிரிட்டனில் அளந்து பார்த்தபோது வருஷத்துக்கு 0.22 மில்லிமீட்டர் வந்தது. அதைக் கூட்டிக்கொண்டு உயரத்தில் சமன்செய்ய முடியாது.

அம்மாவுக்கு இப்போது எழுபத்திரண்டு. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சுவரோரம் நிற்க வைத்து அளந்தேன். 151 செ.மீ. பழைய மருத்துவச் சீட்டு ஒன்றில் 156 என்று இருக்கிறது. "அந்தக் கொடி மேலே போயிடுச்சுடா, மரம் வளருதுல்ல" என்றார். முதுகை ஒரு எக்ஸ்ரே எடுக்கத் தேதி வாங்கிவிட்டு, பழைய ஆணிக்கு நாலு விரல் கீழே புதிதாக ஒன்று அடித்துக் கொடியை இறக்கிக் கட்டினேன்.